உடம்பு தேற மாட்டேன் என்கிறதா?

கல்யாணம் நிச்சயமானதும் ஒல்லியான மாப்பிள்ளைகள் சிலர் நேராக மருந்துக்கடைக்குப் போகிறார்கள். உடம்பு வைக்க ஏதாவது மாத்திரை வேண்டும் என்று கேட்டால், மருத்துவர் சீட்டைப் பார்க்காமலே எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அப்படிக் கைக்கு வருவது டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாகவோ, ஒவ்வாமைக்குத் தரப்படும் சைப்ரோஹெப்டடினாகவோ இருக்கலாம். பின்னது பசியைத் தூண்டும், கூடவே தூக்கத்தையும் தரும். நிறுத்தினால் பசி பழையபடி அடங்கிவிடும். ஸ்டீராய்டு அதைவிட மோசம். முகம் உப்பிக் கன்னம் உருண்டையாவதைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். உள்ளே நடப்பது வேறு: நீர் தேங்குகிறது, தொப்பை போடுகிறது, கை கால் தசை கரைகிறது, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. பல வாரங்கள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் இயல்பாக ஸ்டீராய்டைச் சுரக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் மாத்திரையைத் தூக்கி எறியாமல், அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், உண்மையிலேயே எடை குறைவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிலோ கணக்கிலான எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. அது 18.5-க்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 53.5 கிலோ. 56 கிலோ இருப்பவரைப் பார்த்து, கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தை "எலும்பும் தோலுமாக இருக்கிறாயே" என்றால், அது அத்தையின் அபிப்பிராயம் மட்டுமே.

எப்போதும் ஒல்லியாக இருப்பதும் இளைத்துப்போவதும் ஒன்றல்ல. 60 கிலோ இருந்தவர், எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதத்தில் 57-க்கு இறங்கினால் காரணம் தேட வேண்டும். காசநோய், தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் முதலில் இப்படித்தான் தலைகாட்டலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், சத்தாகச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்தக் கூடாது.

நோய் எதுவும் இல்லையென்றால் சாப்பாட்டுக்கு வருவோம். ஒல்லியானவர்களில் பலர் "நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன்" என்பார்கள். வயிறு நிறைகிறது என்பது உண்மை; எதனால் நிறைகிறது என்பதுதான் கேள்வி. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் ஒரு குன்று சோற்றில் தண்ணீராக ஓடும் சாம்பார், பிறகு ரசம், அதன் மேல் நீர்மோர், நடுநடுவே ஒரு செம்புத் தண்ணீர். இந்தக் கணக்கில் சோற்றை மட்டும் கூட்டினால் மூச்சு முட்டுமே தவிர உடம்பில் ஒட்டாது. அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுவதுதான் வழி. பருப்பைக் கெட்டியாகப் போட்டு மேலே இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் கொழுப்பு நீக்காத பால் என்று வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்தாலே நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடிவிடும். இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்று சொன்னவர்களுக்குக் கலோரிக் கணக்கு தெரியாது. ஆனாலும் எள்ளில் பாதி எடை எண்ணெய்தான் என்பது செக்கு ஆட்டியவருக்குத் தெரிந்திருக்கும். டீயைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் குடிக்காதீர்கள்; பசியைக் கெடுக்கும், இரும்புச்சத்து சேர்வதையும் தடுக்கும்.

டப்பாவில் வரும் எடை கூட்டும் பவுடர்கள் பலவற்றில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். வாங்குமுன் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம்.

உடற்பயிற்சி செய்தால் இன்னும் இளைத்துவிடுவோம் என்று பயந்து உட்கார்ந்தே இருப்பது அடுத்த தவறு. நம் நாட்டு உடம்புக்கு இது கூடுதலாகவே பொருந்தும். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதால், பரோட்டாவும் குளிர்பானமுமாக எடை ஏற்றினால் குச்சிக் கைகளோடு தொப்பை மட்டுமே மிஞ்சும். வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி, முடிந்தால் பளு தூக்குதல் போதும். ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

தினமும் எடை பார்த்து மனம் நொந்துபோகாதீர்கள். உடம்பில் உள்ள நீரின் அளவு மாறுவதாலேயே ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். வாரம் ஒரு முறை, காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ கூடினால் சரியான வேகம். நான்கு வாரமாகியும் முள் அசையவில்லையென்றால், படுக்கப் போகுமுன் இன்னொரு தம்ளர் பாலையும் ஓர் எள்ளுருண்டையையும் சேர்த்துப் பாருங்கள்.