ஜெர்மனியில் தோழி தேடும் அம்மாக்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்டுட்கார்ட்டுக்கு நாங்கள் வந்தது ஒரு செப்டம்பர் மாதம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வந்த இரண்டாவது வாரமே வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலில் ஒரு ஜெர்மன் அம்மா பேச்சுக் கொடுத்தார். மணல்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினோம். குழந்தை தூங்காதது, மாமியார், வீட்டு வாடகை என்று எல்லாம் வந்தது. கிளம்பும்போது "கட்டாயம் ஒருநாள் சந்திக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் "எனக்கு ஃப்ரெண்டு கிடைச்சாச்சு" என்று அறிவித்துவிட்டேன். மூன்று வாரம் காத்திருந்தும் அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. என் நம்பரே அவரிடம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று நாமும்தான் போகிற போக்கில் சொல்கிறோம். ஆனால் நம் ஊரில் அதை நம்பி ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டால் காபியாவது கிடைக்கும். ஜெர்மனியில் தேதி இல்லாத பேச்சு வெறும் நல்லெண்ணம். அது பொய்யும் இல்லை, அழைப்பும் இல்லை. தோழியைப் பார்ப்பதும் அங்கே நாட்காட்டியில் ஏற வேண்டிய காரியம். ஆகவே அவர் சொன்ன அந்த நொடியிலேயே, "அடுத்த செவ்வாய் மூன்றரைக்கு இதே இடத்தில் இருப்பீர்களா?" என்று கேட்டு, நம்பரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பவர் இழிந்துபோவதில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். மூன்றரை என்றால் மூன்றரைதான். பத்து நிமிடம் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சிரித்து மழுப்பினேன். அடுத்த சந்திப்பு நடக்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு நல்ல சந்திப்பை நட்பு என்று நினைத்துக்கொள்வது. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், 2018இல் வெளியான ஆய்வில் இதை மணிக்கணக்காகவே கணக்கிட்டுப் பார்த்தார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். நம் பள்ளித் தோழிகளோடு இந்த 200 மணி நேரம் நமக்குத் தெரியாமலேயே ஓடியிருக்கும். இங்கே மாதம் ஒரு காபி என்று போனால் 50 மணி நேரம் சேரவே வருஷங்கள் ஆகும்.

எனவே நேரம் தானாகச் சேரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஜெர்மனியைப் போல் வசதியான நாடு குறைவு என்பேன். எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ஒரு விளையாட்டுச் சங்கம் இருக்கும். பலவற்றில் குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி வகுப்பு வாரம் ஒருமுறை நடக்கும். தவழும் குழந்தைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. பல சர்ச்சுகள் நடத்தும் குழுக்களுக்கு எந்த மதத்தவரும் போகலாம். நூலகங்களில் கதை சொல்லும் நேரம் உண்டு. இவற்றில் எது சிறந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். எது வீட்டுக்குப் பக்கமோ அதுவே சிறந்தது. முதல் நாலைந்து வாரம் யாரும் நம்மைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் நின்றுவிடுகிறோம். நான் இரண்டு வாரம் போய்விட்டு "அவங்க யாரும் பேசறதில்லை" என்று ஒரு குழுவை விட்டேன். பிறகு வேறொரு குழுவில் எட்டாவது வாரம், நான் வராத ஒரு நாளுக்கு அடுத்த முறை, "போன வாரம் ஏன் காணோம்?" என்று ஒருத்தி கேட்டாள். அதுதான் ஆரம்பம்.

அடுத்து, காதில் மாட்டிய ஹெட்ஃபோன். இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஊரில் இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து அம்மா போனில் கூப்பிடும்போது இங்கே மாலை மூன்றரையோ நாலரையோ. குழந்தைகள் காப்பகத்திலிருந்து வெளியே வந்து, அம்மாக்கள் எல்லோரும் திடலில் நிற்கும் நேரமும் சரியாக அதுவே. நான் மாதக்கணக்கில் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே ரசத்துக்கு எத்தனை மிளகு என்று பேசிக்கொண்டிருந்தேன். யாருடனோ பேசிக்கொண்டிருப்பவளிடம் எவர் வந்து வணக்கம் சொல்வார்? அம்மாவின் அழைப்பைக் காலை பத்து மணிக்கு மாற்றியபோது அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஊரில் அது மதியம், சமையல் முடிந்த நேரம், பழகிவிட்டது.

இதே வகைத் தவறு காப்பகத்திலும் நடந்தது. அங்கே மழலையர் காப்பகத்தை 'கிட்டா' என்பார்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு அதில் இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. அது காகிதத்தில், கையில் இடம் கிடைப்பது வேறு கதை. இடம் கிடைத்தாலும் முதல் நாளே விட்டுவிட்டு வரமுடியாது. சில நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும். பிறகு பத்து நிமிடம், அரைமணி என்று பிரிந்து பழக்குவார்கள். இரண்டு மூன்று வாரம், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அப்படிப் பிரியும் நேரத்தில் அம்மாக்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைப்பார்கள். உள்ளே குழந்தை அழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஒரே கவலையில் மூன்று நான்கு பெண்கள். தோழமைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொழி விஷயத்துக்கு வருவோம். "எல்லாரும் இங்கிலீஷ் பேசறாங்க, எதுக்கு ஜெர்மன்" என்பது ஐடி குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கணவருக்கு ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) என்றால் மனைவி விசாவுக்கு முன்பே ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. வசதிதான்; ஆனால் அதனாலேயே பலர் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்குகிறோம். ஒருவரோடு தனியாகப் பேசும்போது அவர் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார். ஆறு அம்மாக்கள் நிற்கும்போது யாரும் மாறமாட்டார்கள், மாறவும் முடியாது. நகைச்சுவை, புறணி, "நாளைக்குக் குளத்துக்குப் போறோம்" எல்லாம் அந்த ஆறு பேர் பேச்சில்தான் நடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கான அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு வழக்கமாக 700 பாட நேரம்: 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றி. ஊர்தோறும் இருக்கும் மக்கள் கல்விக்கூடமான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே போன்ற இடங்களில் இது நடக்கும். இலக்கணத்துக்காகப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து நாற்காலிக்காகப் போங்கள். என் பக்கத்தில் ஒரு துருக்கிப் பெண், எதிரே ஒரு உக்ரைன் அம்மா. மூவருக்கும் பொது மொழி தப்புத் தப்பான ஜெர்மன் மட்டுமே. ஜெர்மன்காரிதான் தோழியாக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கும் இருந்தது. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தோழிகள் நிறைந்திருக்கிறார்கள். புதிதாக ஒருத்திக்கு அவசரத் தேவை இல்லை. தேவை இருப்பவள் நம்மைப்போல் பெட்டியோடு வந்தவள்.

பெட்டியோடு வந்தவர்கள் பெட்டியோடு போய்விடவும் கூடும் என்பது இதன் மறுபக்கம். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வருடத்துக்கு இரண்டு பிரிவு உபசார விருந்தாவது நடக்கும். எல்லா முட்டையையும் அந்தக் கூடையிலேயே வைத்தால் மூன்றாம் வருடம் மறுபடி பூஜ்யம்.

தமிழர் குழு பற்றி இரண்டு விதத் தவறு பார்த்திருக்கிறேன். ஒன்று, அதைத் தவிர வேறு உலகமே இல்லாமல் போவது. மற்றொன்று, "இங்க வந்தும் நம்ம ஆளுங்களா" என்று முகம் திருப்பிக்கொள்வது. காய்ச்சல் வந்த இரவில் கஞ்சி வைத்துக்கொடுக்கிறவர்களை உதறுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன நாம், அங்கே நமக்கு முன்பே வேர்விட்ட ஈழத்தமிழர்களோடு பேசுவதே இல்லை. 1980களிலிருந்து போரின் காரணமாக வந்தவர்கள் அவர்கள். ஹாம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோவில் அவர்கள் எழுப்பியது; தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவதும் அவர்களே. மகளைத் தமிழ் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் முதல் கேள்வியாக "பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்றார். எந்தக் குழந்தை மருத்துவர் பொறுமையாகப் பேசுவார், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று முப்பது வருட அனுபவத்தை ஒரு மதியத்தில் கொட்டிவிட்டார். நான் இணையத்தில் ஆறு மாதம் தேடியும் கிடைக்காத விவரம் அது.

வயது பார்ப்பதும் ஒரு சறுக்கல்தான். நம் வயது, நம் குழந்தையின் வயது என்று தேடிக்கொண்டிருந்தால் படிக்கட்டில் எதிரே வருபவர் கண்ணில் படமாட்டார். ஸ்டுட்கார்ட் பக்கம் 'கேர்வோகே' என்று ஒரு பழக்கம் உண்டு. அடுக்குமாடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் பொதுப் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அதை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்து ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். மேல்மாடிப் பாட்டி கதவைத் தட்டி, குரல் உயர்த்தாமல், விளக்குமாற்றை எப்படிப் பிடிப்பது என்பதுவரை விளக்கிவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது. மறுவாரம் அவருக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்தேன். அதற்கு அடுத்த வாரம் அவர் என் பார்சலை. பிறகு பிளம் கேக். அங்கே பெரியவர்களிடம் மரியாதைப் பன்மையில்தான் தொடங்க வேண்டும். ஒருமைக்கு மாறலாம் என்று மூத்தவரே சொல்லும்வரை நாமாக மாறக்கூடாது. நீ, நீங்க தெரிந்த நமக்கு இது புதிதே இல்லை. பாட்டி அதைச் சொல்ல ஒன்றரை வருடம் ஆனது. சொன்ன அன்று ஒரு சின்ன விழாவே நடந்தது.

பிறந்தநாள் விஷயத்தில் மனம் நொந்த அம்மாக்கள் நிறையப் பேர். வகுப்பில் இருபது பேர், உங்கள் குழந்தைக்கு அழைப்பு இல்லை. இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. நான்கு வயதுக்கு நான்கு விருந்தாளி, ஐந்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வது அங்கே பல வீடுகளின் வழக்கம். அழைப்பு வந்தாலும் அது அந்தக் குழந்தைக்கு மட்டும். தம்பி, அப்பா, ஊரிலிருந்து வந்த தாத்தா எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமான ஒன்று: நாளைக்குப் பிறந்தநாள் என்றால் இன்றே வாழ்த்திவிடாதீர்கள். முன்கூட்டி வாழ்த்துவது கெட்ட சகுனம் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. நான் ஓர் அம்மாவை முதல் நாளே கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காப்பக விழாக்களுக்கு யார் என்ன கொண்டுவருவது என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். கூச்சத்தில் 'நாப்கின்' என்று எழுதிவிட்டு ஓடாதீர்கள். நான் மூன்றாவது விழாவுக்குக் கேசரி கொண்டுபோனேன். முந்திரி, பால், நெய் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள், அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். குழந்தைகள் ஒருவாய்கூட எடுக்கவில்லை. பெரியவர்கள் மூன்று பேர் இது என்ன என்று கேட்டு வந்தார்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடப்பதும் வேண்டாம். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஜெர்மன் அம்மாக்களோ மழையிலும், தண்ணீர் புகாத சேற்றுக் கால்சட்டை மாட்டிக் குழந்தையை வெளியே விடுவார்கள். அந்தக் கால்சட்டையை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளையொட்டி குழந்தைகள் காகித விளக்கு ஏந்திப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அந்த விளக்கைச் செய்யப் பல காப்பகங்களில் அதற்கு முன்பு பெற்றோரையும் ஒரு மாலை உட்காரவைப்பார்கள். பசையும் கத்தரிக்கோலும் கையில் இருக்கும்போது மொழி அவ்வளவாகத் தேவைப்படாது.

பிரசவம் முடிந்த அம்மாக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுது, எதிலும் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைத் தனிமை என்று நினைத்துத் தோழி தேடிக்கொண்டிருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் 12 வாரம்வரை மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பார்ப்பதை அங்கே மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. அவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள்.

எங்கள் காப்பகத்தில் வருடந்தோறும் ஒரு படிவம் தருவார்கள். பெற்றோர் வரமுடியாவிட்டால் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பெயர் எழுத வேண்டும். முதல் வருடம் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் வருடம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றபோது, அந்த உக்ரைன் அம்மா தன் படிவத்தை என் முன்னால் நீட்டினாள். "உன் பேரை எப்படி எழுதறது, எழுத்துக் கூட்டிச் சொல்" என்றாள், வழக்கம்போலத் தப்பான ஜெர்மனில்.