ஜூஸர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

சில வருடங்களுக்கு முன் இங்கே சிங்கப்பூரில் அம்மாவுக்காக ஒரு ஸ்லோ ஜூஸர், அதாவது மெதுவாக நசுக்கிப் பிழியும் வகை, வாங்கினேன். நல்ல மெஷின்தான். பீட்ரூட், கேரட், ஆப்பிள் எதைப் போட்டாலும் சக்கை உலர்ந்து விழும் அளவுக்குப் பிழிந்து தந்தது. ஆனால் பிழிந்து முடித்ததும், சாறு பிழியும் டிரம்மைத் திருகிக் கழற்ற அம்மாவால் முடியவில்லை. மூட்டுவலி வந்த விரல்கள். நான் வேலை முடிந்து வரும்வரை அது அப்படியே மூடிக் கிடக்கும். மாலையில் திறந்தால் சல்லடைக் கண்களில் கேரட் நார் காய்ந்து ஒட்டியிருக்கும், புளித்த வாடை வேறு. இரண்டே மாதத்தில் மெஷின் மேல் அலமாரிக்குப் போய்விட்டது. கடையில் அந்த டிரம்மை அம்மா கையில் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஜூஸர் வாங்கும் பலர் செய்கிற பெரிய தவறு இதுதான். சாற்றைப் பார்க்கிறோம், கழுவுவதைப் பார்ப்பதில்லை. கடையில் வைத்திருக்கும் மாதிரியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் யார் கழுவப் போகிறார்களோ அவரையே கழற்ற விடுங்கள். எத்தனை பாகம், சல்லடைக்குள் பிரஷ் நுழைகிறதா, சக்கை வெளியே வரும் துளையின் அடியில் உள்ள ரப்பர் மூடி எளிதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளையில்தான் சக்கை சிக்கி நாறும். எந்த மெஷின் வாங்கினாலும், பிழிந்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, எதைப் பிழியப் போகிறோம் என்று யோசிக்காமலே வாங்குவது. வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி எல்லாம் சதைப்பற்று, அவற்றுக்கு பிளெண்டர்தான் சரி. ஆரஞ்சு, எலுமிச்சை மட்டும் என்றால் கையால் அழுத்தும் பிழிவான் போதும், முந்நூறு வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. ஆப்பிளும் கேரட்டும் என்றால் வேகமாகச் சுழலும் சாதாரண ஜூஸரே நன்றாகச் செய்யும். கீரை, இஞ்சி, செலரி என்று நாரும் இலையுமாகக் குடிப்பவர்களுக்குத்தான் ஸ்லோ ஜூஸர் உண்மையில் பயன்படும். அதிலும் செலரியை ஓர் அங்குலத் துண்டாக நறுக்காமல் போட்டால் நார் உள்ளே சுழலும் திருகில் சுற்றிக்கொள்ளும். கடைத்தெருவில் குடிக்கும் கரும்புச் சாற்றை வீட்டு ஜூஸரில் முயற்சி செய்யவே வேண்டாம்.

வாட்ஸ் அதிகம் என்றால் மெஷின் உசத்தி என்ற நினைப்பும் தவறு. வேக ஜூஸர் நிமிடத்துக்கு 6,000 முதல் 14,000 சுற்று வரை சுழலும், அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஸ்லோ ஜூஸர் சுமார் 40 முதல் 100 சுற்றில் நசுக்கிப் பிழிவதால் சுமார் 200 வாட்ஸிலேயே ஓடிவிடும். வேக ஜூஸரின் சூட்டில் சத்தெல்லாம் போய்விடும் என்று சொல்லி விற்பார்கள். ஒரு நிமிடம் ஓடுவதில் சாறு அப்படியொன்றும் சூடாவதில்லை. காற்று கலந்து நுரைத்து, சாறு சீக்கிரம் நிறம் மாறிப் பிரியும், அவ்வளவுதான். உடனே குடித்துவிட்டால் அது ஒரு குறையே இல்லை. கடையில் பிழிந்து காட்டினால் சக்கையைக் கையில் எடுத்து இறுக்கிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்தால் உங்கள் பழக்காசு குப்பைக்குப் போகிறது.

சத்தம் முக்கியம். காலை ஆறு மணிக்கு, அதுவும் பிள்ளைகள் தூங்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், வேக ஜூஸர் மிக்ஸி போலவே அலறும். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். முழு ஆப்பிள் நுழையும் வாயுள்ள மெஷின்கள் சில, சமையல் மேடைக்கு மேலுள்ள அலமாரிக்கு அடியில் நிற்காது.

ஊருக்குப் போகும்போது சென்னையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் நிறைய. மின்னழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், ஆனால் உருண்டைப் பின் இங்குள்ள சுவர்த் துளையில் பொருந்தாது. மேல் துளையில் சாப்ஸ்டிக்கைக் குத்தி, கீழ்த் துளைகளை அடைத்திருக்கும் மூடியைத் திறந்து சொருகுகிற பழக்கம் மிகவும் ஆபத்தானது, ஈரக்கையோடு நிற்கும் சமையலறையில் இன்னும் மோசம். சிங்கப்பூரில் வாங்கினால் மின்பாதுகாப்புக்கான சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சல்லடையும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தேய்வது அவைதான்.

இன்னொன்று, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காக. ஒரு டம்ளர் சாற்றுக்கு மூன்று ஆரஞ்சு போகும், நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை டம்ளரில் நிற்கும். கடையில் பிழிந்து தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் விதி, அதாவது சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து A முதல் D வரை எழுத்துத் தரம் போடும் விதி, வந்துவிட்டது. வீட்டு டம்ளரில் எந்த எழுத்தும் இருக்காது, அதனால் டம்ளரைச் சிறியதாக எடுங்கள்.

அம்மா இப்போது பாகற்காயை விதை நீக்கி, மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார். துணியை அலசிக் காயப்போட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.