'கிளியர்லி' என்ற சொல்லை எங்கே வைப்பது?

ஆங்கிலத்தில் 'கிளியர்லி' என்றால் 'தெளிவாக' என்று படித்து வைத்திருக்கிறோம். அது பாதிதான். 'ஷீ ஸ்போக் கிளியர்லி' என்றால் அவர் தெளிவாகப் பேசினார், சரி. 'ஷீ இஸ் கிளியர்லி டயர்ட்' என்றால்? அவர் களைத்திருக்கிறார், பார்த்தாலே தெரிகிறது என்று பொருள். முதல் வாக்கியத்தில் அந்தச் சொல் பேச்சு எப்படி இருந்தது என்கிறது. இரண்டாவதில், சொல்பவருக்குச் சந்தேகமே இல்லை என்கிறது.

எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் இடம்தான் முடிவு செய்கிறது. அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். 'ஹீ டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட் இட் கிளியர்லி' என்றால், அவருக்கு ஏதோ புரிந்தது, முழுத் தெளிவு இல்லை. அதையே 'ஹீ கிளியர்லி டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட் இட்' என்று எழுதினால், அவருக்குப் புரியவே இல்லை, அது அப்பட்டமாகத் தெரிகிறது என்றாகிவிடும். உடன் வேலை செய்பவரைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இந்த இடமாற்றம் ஒருவர் பெயரையே கெடுத்துவிடும். அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து கமா போட்டால் எப்போதுமே 'சந்தேகமில்லாமல்' என்ற பொருள்தான். அப்படி எழுதினால் அடுத்த வரியிலாவது ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்தை நிரப்பத்தான் பலர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்; படிப்பவருக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

தமிழில் 'தெளிவாக' பெரும்பாலும் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே வரும்: 'சிக்கலைத் தெளிவாக விளக்கு'. அந்தப் பழக்கத்தில், வினையும் செயப்படுபொருளும் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் இதை நடுவே நுழைத்து 'எக்ஸ்பிளெய்ன் கிளியர்லி த ப்ராப்ளம்' என்று எழுதிவிடுகிறோம். 'எக்ஸ்பிளெய்ன் த ப்ராப்ளம் கிளியர்லி' என்பதே இயல்பு.

பேச்சில் 'கிளியரா சொல்லு' என்று சொல்லிச் சொல்லி, 'எக்ஸ்பிளெய்ன் இட் கிளியர்' என்று வால் இல்லாமல் எழுதுவதும் உண்டு. அங்கே 'கிளியர்லி' வேண்டும். ஆனால் 'மேக் இட் கிளியர்' என்பதில் 'லி' சேர்க்கக் கூடாது. 'லௌட் அண்ட் கிளியர்' அப்படியே நிலைத்துவிட்ட தொடர். 'ஸ்டாண்ட் கிளியர் ஆஃப் த டோர்ஸ்' என்பதற்கும் தெளிவுக்கும் தொடர்பே இல்லை. கதவை விட்டு விலகி நில்லுங்கள் என்று பொருள்.

கடைசியாக 'அப்பேரன்ட்லி'. இதையும் 'தெளிவாகவே' என்று நினைத்து 'கிளியர்லி'க்குப் பதிலாகப் போடுகிறார்கள். 'ஹீ ஹாஸ் கிளியர்லி லெஃப்ட்' என்றால், காலி மேசையைப் பார்த்து நாமே முடிவுக்கு வருகிறோம், அவர் போய்விட்டார். 'அப்பேரன்ட்லி ஹீ ஹாஸ் லெஃப்ட்' என்றால் போய்விட்டாராம், அல்லது போய்விட்டார் போலிருக்கிறது. நேரில் பார்த்து உறுதியான செய்திக்கு 'அப்பேரன்ட்லி' போட்டால், உங்களுக்கே அதில் உறுதியில்லை என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.