மனைவி அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு

பச்சை உடம்பு என்று அம்மா வீட்டில் மூன்று மாதம் தாங்குவார்கள். பூண்டுக் குழம்பு வைக்க ஒருவர், குழந்தையைக் குளிப்பாட்ட ஒருவர். பெங்களூருக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை, கணவர் எட்டரைக்கு ஆபீஸ் கேப் ஏறியதும், பூட்டிய ஃப்ளாட்டுக்குள் அவளும் குழந்தையும்தான். கே.ஆர்.புரத்தில் நான் அப்படி மதியம் மூன்று மணிவரை பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் கணவர்மாருக்கு இதை எழுதுகிறேன்.

"ஏதாவது செய்யணுமா" என்று கேட்காதீர்கள், யோசித்துப் பதில் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை குழந்தை உங்கள் பொறுப்பு என்றால், பால் புகட்டுவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது எல்லாமே நீங்கள்தான், அவள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். எடுத்து வைத்த தாய்ப்பால் ஃபிரிட்ஜில் 4 நாள்வரை இருக்கும். "நாங்க எல்லாம் நாலு பெத்து வளர்க்கலையா" என்று உங்கள் அம்மா ஆரம்பித்தால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அக்கம்பக்கத்தையும் பழகிவையுங்கள். மாடி வீட்டுக் கன்னட ஆன்ட்டி தினமும் நாலு மணிக்கு வந்து அரைமணி நேரம் என் மகளை வாங்கிக்கொள்வார், அந்த அரைமணியில்தான் நான் தலைக்குக் குளிப்பேன்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் சும்மாவே அழுகை வரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், "நான் நல்ல அம்மா இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் மாதங்கள் கழித்தும் வரலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே அட்மிட் செய்து பார்க்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருந்தாலோ, சாகணும் போலிருக்கிறது என்று சொன்னாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அவளைத் தனியே விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அப்புறம், பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, பயந்துபோய் நீங்களாகப் பாலையோ மாத்திரையையோ நிறுத்தாதீர்கள்.