வண்டி பேட்டரியும் சாவி பேட்டரியும்: பார்ப்பதும் மாற்றுவதும்

ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் தாழ்வாரத்தில் நின்ற பைக்கை வெயில் எட்டிப்பார்த்த நாளில் எடுக்கப்போனால், செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் 'டக் டக்' என்று ரிலே துடிக்கும் சத்தம் மட்டும் கேட்பதும், விளக்கு மங்கி ஹாரன் கம்முவதும் டெல்டாக்காரர்கள் பலருக்கும் பழக்கமானவை. உடனே 'பேட்டரி போய்விட்டது' என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். அப்படிப் போய்ச் சேரும் பேட்டரிகளில் கணிசமானவை உண்மையில் சாகவில்லை என்பது என் அனுபவம்.

நம் பக்கத்தில் பேட்டரி ஓடித் தேய்வதைவிட, நின்றும் அரைகுறையாக ஓடியும் கெடுவதே அதிகம். வீட்டிலிருந்து வயலுக்கு இரண்டு கிலோமீட்டர், வயலிலிருந்து டீக்கடைக்கு அரை கிலோமீட்டர் என்று நாள் முழுவதும் செல்ஃப் போட்டுப் போட்டு அணைத்தால், ஒவ்வொரு முறையும் இழந்த மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறாத ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, நாளாக நாளாக இறுகிவிட்டால், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரையாது. இதோடு, வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து, பேட்டரியில் வயர் மாட்டும் முனையான டெர்மினலை அரிக்கிறது.

முன்பு செல்ஃப் எடுக்காவிட்டால் கிக்கரை உதைத்துப் புறப்படலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இந்த வகையில் பெட்ரோல் பம்பே பேட்டரியை நம்பி ஓடுவதால், பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் கிக்கர் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில் காலையில் பாருங்கள். 12.6 அல்லது அதற்குமேல் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் சார்ஜ் போட வேண்டும். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. 12.6 இருந்தும் செல்ஃப் அழுத்தும்போது 10-க்குக் கீழே சரிந்தால், மேலுக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே சக்தி இல்லை என்று பொருள். அடுத்து வண்டியை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்துப் பார்த்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். எண் ஏறவே இல்லையென்றால் பழுது மின்சாரம் உண்டாக்கும் காயிலிலோ, அதை அளவாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரிலோ, வயரிலோ இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றுகிறது. இந்த இரண்டில் எதுவானாலும் புதுப் பேட்டரி போட்டு லாபமில்லை, அதுவும் கெடும்.

ஒரு முறை மன்னார்குடியில் ஒரு கடையில், எதையும் அளக்காமல் புதுப் பேட்டரியை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அதே 'டக் டக்'. சீட்டைக் கழற்றிப் பார்த்தால், கருப்பு வயர் இஞ்சினுக்கு அருகே ஃபிரேமில் சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்து, அடியில் துரு செம்மண்ணாக உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் சரியாகிவிட்டது. பழைய பேட்டரியைத்தான் ஏற்கெனவே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டிருந்தேன்.

ஆகவே டெர்மினலைச் சுத்தம் செய்வதே முதல் வைத்தியம். சாவியை அணைத்துவிட்டு, கருப்பு மைனஸ் வயரை முதலில் கழற்றி, பிறகே சிவப்பு பிளஸ் வயரைக் கழற்ற வேண்டும். மைனஸ் இணைந்திருக்கையில் பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியை, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். அந்தத் தண்ணீர் மூடி வழியே பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. நன்றாகத் துடைத்து, காயவைத்து, முடுக்கியபின் மேலே வாசலைன் மெல்லப் பூசுங்கள்.

ஆறு மூடிகள் உள்ள பழைய வகைப் பேட்டரியானால், பக்கவாட்டில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறையும், அக்னி நட்சத்திர நாட்களில் இன்னும் அடிக்கடியும் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரைத் தவிர, போர் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, எவ்வளவு தெளிந்த காவிரித் தண்ணீரோ ஊற்றக் கூடாது. அவற்றில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால் ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாதபடி அடைத்து வரும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையை நெம்பித் திறக்க வேண்டாம்.

சார்ஜ் போடும்போது பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கே கணக்கு. 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'அரை மணியில் ஏற்றித் தருகிறேன்' என்று கார் சார்ஜரிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ கோப்பது சின்னப் பேட்டரியை வேகவைப்பதற்குச் சமம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; காற்றோட்டமான இடமும் பீடி, சிகரெட் இல்லாத சுற்றமும் வேண்டும். வயலில் மாட்டிக்கொண்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்தே ஆக வேண்டுமென்றால், அதுவும் 12 வோல்ட்தானா என்று உறுதிசெய்து, டிராக்டர் இஞ்சினை அணைத்துவிட்டு இழுங்கள்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகளின் வண்டி மாதக்கணக்கில் நிற்கும் வீடுகளில், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார்கள். அது ஏற்றுவதைவிட இறக்குவதே அதிகமாகிவிடும். மைனஸைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவது மேல்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வோல்ட், ஆம்பியர்-மணி, நீள அகல உயரம், பிளஸ் முனை இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டு, தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். கடையில் பல மாதம் கிடந்ததானால் சார்ஜ் போட்டே மாட்ட வேண்டும். பழைய பேட்டரிக்கு ஈயத்தின் விலை உண்டு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைக்கின்றன. உடைத்து ஆசிட்டை வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

பொத்தானை அழுத்தித் திறக்கும் ரிமோட் சாவிக்கு வருவோம். பத்தடியில் திறந்தது இரண்டடியில்தான் திறக்கிறது என்றால் உள்ளிருக்கும் வட்ட செல் இறங்குகிறது. பலவற்றில் சி.ஆர். 2032 இருக்கும்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். சி.ஆர். 2025 என்றால் தடிமன் 2.5 மட்டுமே, மாற்றிப் போட்டால் உள்ளே ஆடி, மேடு பள்ளமான சாலையில் தொடர்பு விட்டுப்போகும். விளிம்பில் உள்ள பள்ளத்தில் துணி சுற்றிய நாணயத்தை வைத்துத் திருப்பித் திறந்து, பிளஸ் எந்தப் பக்கம் என்று போனில் படமெடுத்துக்கொண்டு செல்லை எடுங்கள். புதிய செல்லை உலர்ந்த துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வையுங்கள்.

வேட்டி மடிப்பில் செருகிய சாவி நடவு வயலில் நனைந்தால், செல்லை உடனே எடுத்துவிட்டு நிழலில் காயவைக்க வேண்டும். நம்மூர் வழக்கப்படி அரிசிப் பானைக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள்தான் உள்ளே போய்ச் சேரும்.

வட்ட செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழற்றிய பழைய செல்லிலும் அந்தச் சக்தி மிச்சமிருக்கும் என்பதால், இருபுறமும் டேப் ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.