தொட்டியில் வளரும் ஆனைக்கற்றாழை: பக்கக் கன்றுகளைப் பிரித்து நடும் முறை

செட்டிநாட்டில் தொட்டியில் வளரும் ஆனைக்கற்றாழை கோடையில் காய்ந்து இறப்பது அரிது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொட்டிக்குள் தேங்கும் நீரால் அடித்தண்டு அழுகி இறப்பதே அதிகம். மெக்சிகோவின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைத்து, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து காற்றை உள்வாங்குவதால், வாரக்கணக்கில் நீரில்லாமலும் தாக்குப் பிடிக்கும். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் பெரிய வீடுகளின் வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டிச் செடி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்தப் பொறுமை வேர் நனைந்தே கிடப்பதற்கு எதிராக உதவாது. ஆகவே தொட்டி மாற்றுவதையும் கன்று பிரிப்பதையும் வரப்போகும் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடாகவே கருதிச் செய்ய வேண்டும்.

இதற்கு ஏற்ற காலம் தை மாதப் பிற்பகுதி முதல் பங்குனி வரை. அப்போது மழை ஓய்ந்திருக்கும், மண் சூடேறத் தொடங்கியிருக்கும், அக்கினி நட்சத்திரத்துக்கு முன் கன்று வேர் பிடிக்கவும் அவகாசம் கிடைக்கும். புரட்டாசிக்குப் பிறகு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வெட்டுக்காயம் ஆறுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்.

ஊற்றிய நீர் மண்ணில் இறங்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடினாலோ, அடித்துளை வழியே வெள்ளையான நிலத்தடித் தண்டு எட்டிப் பார்த்தாலோ, தொட்டியே விரிசல் விட்டாலோ, செடிக்கு இடம் போதவில்லை என்று பொருள். கன்றுகள் அந்த நிலத்தடித் தண்டுகளின் நுனியில்தான் தோன்றுகின்றன. தரையில் வளரும் செடியில் தாயிடமிருந்து விலகிச் சென்று முளைப்பவை, தொட்டியில் சுவரை முட்டி வளைந்து தாயின் அடியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கும். ஒரு சாண் உயரமும் நான்கைந்து இலைகளும் வந்த கன்றையே பிரிப்பது நல்லது. அதைவிடச் சிறியவையும் பிழைக்கும் என்றாலும், சேமித்த நீர் குறைவாக இருப்பதால் அவை எளிதில் சுருங்கிவிடும். இலையோரத்தில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டை உள்ள வகைகளில் சில கன்றுகள் பட்டையின்றி முழுப் பச்சையாகவே வரும். அவை வேகமாக வளர்ந்து மற்றவற்றை நெருக்கிவிடும் என்பதால், பட்டை அழகு நிலைக்க வேண்டுமானால் பச்சைக் கன்றுகளை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

வேலைக்கு முன் உடம்பைக் காத்துக்கொள்ள வேண்டும். இலை நுனி முள் ஆழமாகக் குத்தும்; இலைச் சாற்றில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் பட்டால் கடும் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். சோற்றுக் கற்றாழை என்று எண்ணி இதன் சோற்றைப் பிள்ளைகள் முகத்தில் பூசிவிடாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டாரின் கடமை. பெரிய செடியாக இருந்தால் இலைகளை மேல்நோக்கிக் கூட்டி, சாக்கினால் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிவிட்டால் கையாள்வது எளிது.

ஒரு வாரம் நீர் ஊற்றாமல் விட்டால் மண் உலர்ந்து சுருங்கி, தொட்டியைச் சாய்த்து ஓரத்தில் தட்டியதும் செடி கழன்று வரும். கழன்ற பின் கன்றைப் பிடித்து இழுக்காமல், கையால் மண்ணை உதிர்த்து, தாயையும் கன்றையும் இணைக்கும் தண்டைக் கண்ணால் பார்த்து, கன்றின் பக்கம் இயன்ற அளவு வேர்கள் சேரும்படி ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தோ தீயில் காட்டியோ கொள்ளவும். கறுத்தும் உள்ளீடற்றும் போன வேர்களை வெட்டி எறிவதில் தயக்கம் வேண்டாம். வேரே இல்லாமல் வந்த கன்றுகூட அடித்தண்டிலிருந்து புதிய வேர் விடும்.

பலரும் அவசரப்படும் இடம் இதற்கு அடுத்தது. அறுத்த கன்றை அன்றே நட்டு நீர் ஊற்றினால், பச்சைக் காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து அடி அழுகும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள திண்ணையில் ஐந்து முதல் ஏழு நாள் வரை கன்றைச் சாய்த்து வைத்து, வெட்டிய முகம் உலர்ந்து தோல் போல இறுகிய பிறகே நட வேண்டும். கந்தகத் தூளோ கரித் தூளோ தடவலாம். ஆனால் காயத்தை ஆற்றுவது காற்றும் நாட்களும்தான். இலைகள் சற்றுச் சுருங்கினால் கவலைப்பட வேண்டியதில்லை.

மண் கலவையில்தான் இந்த வேலையின் பாதி வெற்றி இருக்கிறது. நம் பகுதிச் செம்மண் தரையில் நல்ல மண்ணே என்றாலும், அதை மட்டும் தொட்டியில் நிரப்பினால் நாலைந்து மழையில் இறுகிக் களியாகி நீரைப் பிடித்துக்கொள்ளும். சலித்த செம்மண் ஒரு பங்கு, பருமனான ஆற்று மணல் ஒரு பங்கு, பட்டாணி அளவுச் சரளையோ உடைத்த செங்கல் சில்லோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எருவோ மண்புழு உரமோ அரைப் பங்கு என்று கலந்தால் போதும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் பயன்படுத்தினால், அதிலுள்ள மாவு போன்ற தூள் போகும்வரை கழுவ வேண்டும். கடற்கரை மணல் உப்பு என்பதால் கூடாது. தென்னைநார்க் கழிவு ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால் அதையும் தவிர்க்கலாம். ஈரமான கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால், அது உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

தொட்டியின் அடியில் கனமாக ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய சில்லுகளுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மண் முழுவதும் ஊறி நிரம்பிய பிறகே அது சில்லுகளுக்குள் சொட்டும். எனவே ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் நெருக்கமாக உயர்ந்துவிடுகிறது. துளை அடைபடாமல் ஒரே ஒரு ஓட்டுத் துண்டை வளைவாகக் கவிழ்த்து வைத்தால் போதும்.

தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாக இருப்பது நல்லது. அதன் சுவர் வழியே ஈரம் ஆவியாகும். அக்கம்பக்கத்தில் மானாமதுரைக் குயவர்களின் கைவேலை இருக்கும்போது பிளாஸ்டிக்கை நாட வேண்டியதில்லை. வாய் குறுகி வயிறு பெருத்த பானை வடிவத்தை மட்டும் தவிர்க்கவும், ஏனெனில் அடுத்த முறை அதை உடைக்காமல் செடியை எடுக்க முடியாது. வேர்க்கொத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சிறு கன்றை வைத்தால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

நடும்போது கீழ் இலைகள் மண்ணில் புதையாமல், அடித்தண்டு மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கன்று ஆடினால் சுற்றிலும் கற்களை அண்டை கொடுத்து, மேற்பரப்பில் சரளையைப் பரப்பினால் இலையடி உலர்ந்திருக்கும். நட்ட பின் ஒரு வாரம் கழித்து முதல் நீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றலாம். அதன் பிறகு, மண்ணுக்குள் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி எடுத்து, அதில் மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் மட்டுமே மறுபடி நீர். தாயின் நிழலில் வளர்ந்த கன்றை உடனே மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். காலை வெயில் மட்டும் படும் முகப்பு ஓரத்தில் மூன்று வாரம் வைத்துப் பின் படிப்படியாக நகர்த்தவும்.

மழைக்காலத்தில் தொட்டிகளை முற்றத்தின் இறவாரத்துக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. நான்கு பக்க ஓட்டு நீரும் அங்கேதான் கொட்டும். அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் துளையும் திறந்திருக்கும், ஆத்தங்குடித் தரையில் ஈரக்கறையும் படியாது. அவ்வளவுக்குப் பிறகும் அடி இலை நீர்கோத்து மெத்தென்று ஆனால், அன்றே செடியைப் பிடுங்கி, வெள்ளையான நல்ல திசு தெரியும்வரை அழுகலைச் சீவி, இம்முறை இரண்டு வாரம் உலர்த்தி, புதிய கலவையில் நட வேண்டும். பழைய மண்ணை மற்றத் தொட்டிகளில் கொட்ட வேண்டாம்.