முருகை வாடினால் முதலில் என்ன செய்வது? கொழும்புத் தொட்டிகளுக்கான செய்முறை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் விளக்கு எரிந்து இரண்டு மணித்தியாலம் ஆகியும் முருகை (பவளம்) விரியவில்லை. போன கிழமை மண்ணிறமாக இருந்த கிளை இன்று வெள்ளை. இந்த நேரத்தில் கை தானாக மருந்துப் போத்தலைத் தேடும். தேடவிடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் முருகை நலிவது பெரும்பாலும் கிருமியால் அல்ல. சூடு, உப்பு, காரத்தன்மை, வெளிச்சம் என்ற நான்கில் ஒன்று மாறியதால்தான். காரணம் அப்படியே இருக்க மருந்தை ஊற்றினால், நலிந்த உயிருக்கு இன்னொரு அடி விழும்.

முதலில் பாருங்கள்

பகலில் ஒரு தடவை, விளக்கு அணைந்து ஒரு மணித்தியாலம் கழித்து டோர்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். பகலில் ஒளிந்திருக்கும் பூச்சிகள் இரவில்தான் வெளியே வரும்.

வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை அல்ல. முருகையின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் பெரும்பங்கு உணவையும் கொடுக்கிறது. சூடோ வெளிச்சமோ மிஞ்சினால் முருகை அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது சதை கண்ணாடி போல் ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். ஆனாலும் இரவில் உணர்கொம்புகள் நீளும். இது வெளிறல். உயிர் இருக்கிறது, மீட்கலாம். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கையின் முருகைத் திட்டுகள் வெளிறியதும் இதே விதமாகத்தான். சதையே இல்லாமல் கூரான எலும்பு விளிம்பு தெரிந்து, சில நாட்களில் அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்தால் அது சதை உரிதல். அந்தப் பகுதி திரும்பாது. மிஞ்சிய சதையைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஹேமர், டோர்ச் என்ற பெயருள்ள முருகை வகைகளின் தலையில் மண்ணிறக் கூழ் போல ஏதாவது ஆடினால் அது அவசரம். ஒரு தலை ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பக்கத்துத் தலைக்கும் தொற்றும். மறுபக்கம், லெதர் முருகை சுருங்கி மினுங்கும் மெழுகுத் தோலோடு ஒரு கிழமை, சில சமயம் இரண்டு கிழமை நின்றால் அது நோயே அல்ல, தோல் உரிக்கிறது. நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு விட்டுவிடுங்கள். இதை நோயென்று நினைத்து மருந்தில் முக்குவதுதான் தொடக்கக்காரர் அதிகம் செய்யும் பிழை.

பிறகு அளவுகள்

சூட்டில் தொடங்குங்கள். 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள் ஒரே சீராக நிற்க வேண்டும். 29ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் வெளிறல் தொடங்கும். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்து எழுதுங்கள். கொழும்பு வீடுகளில் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பல தடவை காரணத்தைக் காட்டிவிடும்.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி 1.026 அளவில் இருக்கட்டும். அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரை வெறும் ஆர்ஓ தண்ணீரால் (உப்பு நீக்கிய வடிகட்டித் தண்ணீர்) மட்டும் சரிபார்த்தால் மேல் அளவுகளில் பிழை வரலாம். 35 பிபிடி நியமக் கரைசலால் சரிபாருங்கள். கடல் தண்ணீர் எடுத்து ஊற்றுபவர்கள் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களையும் மட்டக்குளிப் பக்கம் களனி கங்கையின் முகத்தையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வேறு இடத்துத் தண்ணீரிலும் உப்புக் குறைந்திருக்கலாம். அளக்காமல் ஊற்றக்கூடாது.

காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கல்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு), மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பொஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். கடைசி இரண்டும் பூச்சியமாக இருப்பது நல்லதென்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இரண்டும் இல்லாத தண்ணீரில் நுண்பாசி பட்டினி கிடந்து முருகை நிறமிழக்கும். அப்படியானால் மீனுக்கு உணவைச் சற்றுக் கூட்டி, ஸ்கிம்மரை (நுரையால் கழிவை அகற்றும் கருவி) இரவில் மட்டும் ஓடவிடுங்கள்.

திருத்துவது, ஆனால் மெதுவாக

ஒரே நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சூட்டைக் குறைக்கத் தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி விசிறி பூட்டலாம். கொழும்பின் ஈரப்பதனில் அது இரண்டு, கூடினால் மூன்று பாகைதான் இறக்கும். அறை 32இல் நின்றால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது. விசிறியால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. அதனால் ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். ஐஸ் போத்தல் மின்வெட்டு நேரத்துக்கு மட்டும்; நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் இறக்காதீர்கள்.

உப்புக் குறைந்திருந்தால், ஆவியாவதை ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் விட்டு, நாளுக்கு 1 பிபிடி ஏற்றுங்கள்.

காரத்தன்மை குறைந்திருந்தால் அப்பச்சோடா போதும். பேக்கிங் பவுடர் அல்ல. பைக்கற்றில் சோடியம் பைகாபனேற்று மட்டும் என்று இருக்க வேண்டும். 100 லீற்றர் தண்ணீருக்கு 3 கிராம், 1 டிகேஎச் ஏற்றும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் கல்லும் மணலும் போக ஏறத்தாழ 150 லீற்றர் நிற்கும். அதில் 6.5இலிருந்து 8க்குக் கொண்டுவர மொத்தம் 6.75 கிராம் தேவை. அதை மூன்றாகப் பிரித்து, நாளுக்கு 2.25 கிராமைக் கால் லீற்றர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில் சிறிது சிறிதாக விடுங்கள்.

வெளிறிய முருகைக்கு விளக்கின் பலத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நிறம் வரத் தொடங்கியதும் கிழமைக்கு 5 வீதம் கூட்டுங்கள். நுண்பாசி கொடுத்துவந்த உணவு நின்றுவிட்டதால் நீங்கள்தான் ஊட்ட வேண்டும்: கிழமைக்கு இரண்டு இரவு, பம்பைப் பதினைந்து நிமிடம் நிறுத்தி, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியாக் (சிறு உப்புநீர் இறால்) குஞ்சுகளைச் சிரிஞ்சால் உணர்கொம்புகளின் மேல் மெல்ல விடுங்கள்.

மருந்துக் குளியல் எப்போது

மண்ணிறக் கூழ், கண்ணுக்குத் தெரியும் பூச்சி, நிற்காமல் பரவும் சதை உரிதல். இந்த மூன்றுக்கும்தான்.

கூழ் என்றால் முதலில் எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது தொட்டி முழுக்கப் பறக்கும். 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் கூழை உறிஞ்சி வெளியே ஊற்றி, பாதித்த தலையை எலும்போடு வெட்டி அகற்றுங்கள். கிளை வகையில் சதை உரிந்தால், உரிந்த எல்லையிலிருந்து நல்ல சதைக்குள் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி வெட்ட வேண்டும்.

பிறகு இரண்டு வெள்ளை வாளிகளில் தொட்டித் தண்ணீரை எடுங்கள். வெள்ளை என்றால் உதிரும் பூச்சி தெரியும். ஒன்றில் 5 வீத லூகோல் அயடீனை லீற்றருக்கு 5 துளி விட்டுக் கலந்து, முருகையைப் பத்து நிமிடம் வைத்து இடையிடையே சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடுத்த வாளியில் அலசி, முடிந்தால் வேறு தொட்டியில் வையுங்கள். குளித்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் போகக்கூடாது. அயடீன் கூழுக்கும் காயத்துக்கும் உதவும். தட்டைப்புழு போன்றவற்றுக்கு அவற்றுக்கென விற்கும் குளியல் மருந்தைப் பொதியில் உள்ள அளவில் பாவியுங்கள். எதுவும் முட்டையைக் கொல்லாது. முட்டையைப் பிளேட்டால் சுரண்டி, ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் நான்கு தடவையாவது திரும்பச் செய்ய வேண்டும்.

ஸோவா என்ற முருகை போன்ற உயிரின வகையைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். அந்தக் கல்லை ஒருபோதும் அவிக்கக்கூடாது, கொதிநீர் ஊற்றக்கூடாது. ஆவியை மூச்சில் எடுத்தாலே ஆபத்து. மூச்சுத்திணறலோ தசைவலியோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய் நஞ்சின் பெயரைச் சொல்லுங்கள். தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது.

டெங்குப் புகை

அளவுகள் எல்லாம் சரி, ஆனால் இறால்கள் துடிக்கின்றன, முருகைகள் எல்லாம் ஒரேயடியாகச் சுருங்கிவிட்டன என்றால், தெருவில் புகை அடித்தார்களா என்று கேளுங்கள். நுளம்புக்கு அடிக்கும் பைரித்ரொயிட் மருந்துகள் இறாலையும் மீனையும் மிக எளிதில் கொல்லும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் யன்னலைச் சாத்தி, காற்றை உறிஞ்சும் ஸ்கிம்மரையும் எயார் பம்பையும் நிறுத்தி, தொட்டியைப் பொலித்தீனால் மூடுங்கள். தண்ணீருக்குள் ஓடும் பம்ப் ஓடட்டும். புகை அடங்கி ஒரு மணித்தியாலத்துக்குப் பின் திறக்கலாம். சுருங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால், 20 வீதத் தண்ணீர் மாற்றி, புதிய செயற்படு கரி போடுங்கள். கையில் நுளம்புக் கிறீம் பூசியிருந்தால் தொட்டிக்குள் கைவிடக்கூடாது.

முற்றாக இறந்த முருகையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அழுகும் சதை சிறு தொட்டியில் அமோனியாவை ஏற்றும். இறந்த முருகைக்குப் பதிலாக ஹிக்கடுவைக் கடலிலோ கல்பிட்டிக் கடலிலோ ஒரு துண்டு உடைத்து வருவது சட்டவிரோதம், ஏற்கெனவே பெரும் வெளிறல்களைத் தாங்கிய திட்டுகளுக்குச் செய்யும் கொடுமையும்கூட. வேறொருவர் தொட்டியில் ஒட்டி வளர்த்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதையும் குளிப்பாட்டி, முட்டை இருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.